ஹீட்டர் குழாயும் பாப்பாவின் கையும்

குளிக்கும்போது என் மகள் அப்படி அழுதாளே, அவளுக்கு அப்போது எவ்வளவு வலித்தது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கு அப்போது ஒன்றேகால் வயதுதான். அம்மா, தண்ணி, காக்கா, வேணாம் என்று நான்கைந்து சொற்கள் பேசுவாள். பாத்ரூம் வாசலில் நின்று "வேணாம்" என்றாள். எதை வேண்டாம் என்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

நாங்கள் இருப்பது அரியலூரில். கணவர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவருடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுபவர், எங்களோடுதான் இருக்கிறார். எனக்குப் பிறந்த வீடு பெரம்பலூர். வேதியியல் படித்துவிட்டு, பாப்பா பிறக்கும்வரை ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பூமிக்குள் சுண்ணாம்புக்கல். போர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்த டம்ளர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அதை உப்பு என்பார்கள். உண்மையில் அது சுண்ணாம்பு. பாப்பாவுக்கு மார்கழிப் பனியில் நெஞ்சு கட்டிக்கொள்ளும், மூச்சு வீசிங் மாதிரி இழுக்கும். அதனால் பச்சைத் தண்ணீரே ஆகாது என்று வாட்டர் ஹீட்டர் வாங்கி பாத்ரூமில் மாட்டினோம்.

ஒரு வருடத்திற்குள் ஹீட்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் தண்ணீர் சூடாக நேரம் பிடித்தது. பிறகு உள்ளேயிருந்து மணலை வறுப்பது போல ஒரு சத்தம். இது என் பாடம் என்பதால் எனக்கு அதில் பயமில்லை. உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் சுண்ணாம்பு படிந்திருக்கும் என்று சொல்லி, சர்வீஸுக்கு ஆள் வரவழைத்தேன். அவர் கழற்றிக் காட்டிய காயில், அவித்த மரவள்ளிக்கிழங்கு போலப் பருத்து வெளுத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி உதிர்த்தார்.

"காயில் புதுசு போட வேணாமாண்ணே?"

"எதுக்கும்மா? நல்லாத்தான் இருக்குது. இந்த ஊருக்கு இது சகஜம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா தட்டி வுட்டாப் போதும்."

தண்ணீர் மறுபடியும் கொதிக்கக் கொதிக்க வந்தது. பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்துத்தான் பாப்பா அழ ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டில் பாப்பாவைக் குளிப்பாட்டுவது அத்தைதான். சின்ன மரப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஈரத் தரையில் கால் இரண்டையும் நீட்டிக்கொள்வார். குப்புறக் கிடத்தும் வயது போனதும், பாப்பா அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் நிற்பாள். எதிரே அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஹீட்டர் தண்ணீர் வரும் பித்தளைக் குழாய். அந்தக் குழாயைத் தட்டுவதுதான் அவளுக்கு விளையாட்டு. ஒருநாள் தட்டினாள், வீறிட்டாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கப்புறம் பாத்ரூம் வாசலைப் பார்த்ததுமே உடம்பை விறைத்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு நடுவில் இப்படித் தண்ணீர்ப் பயம் வரும் என்றார் கணவர். எதிர்வீட்டுக்காரம்மா கண்ணேறு என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னார். போட்டோம். சோப்பு கண்ணில் பட்டிருக்கும் என்று நான் சோப்பை மாற்றினேன். சூடு அதிகமோ என்று முழங்கையை விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. என் முழங்கையையே நம்பாமல் மறுபடியும் விட்டுப் பார்த்தேன்.

பிறகு நானே ஒருநாள் குளிப்பாட்டினேன். எனக்கு வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடும் பழக்கம். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கெட்டிலிருந்து மொண்டு ஊற்றினேன். சிணுங்கினாளே தவிர வீறிடவில்லை. இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அத்தை துண்டை உதறிக் கொடியில் போட்டார். "அப்ப நான்தான் புள்ளையக் கிள்ளி அழவெக்கிறன்னு சொல்றியா?"

"ஐயோ, அப்படியில்ல அத்த."

"நாலு புள்ள பெத்து வளத்தவ. எனக்குக் குளிப்பாட்டத் தெரியலையாம். இனிமே நீயே பாத்துக்கம்மா."

அந்த வாரம் முழுக்க அவர் பாத்ரூம் பக்கமே வரவில்லை. பாப்பா மட்டும் "அப்பாயி, அப்பாயி" என்று அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள்.

அப்போதுதான் பெரம்பலூரில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். மறுநாள் காலை அம்மா வீட்டில், பின்கட்டுக் குழாயடியில் யாரும் கூப்பிடாமலே போய் நின்றாள். குழாயைத் தட்டினாள். தண்ணீர் முகத்தில் தெறித்ததும் சிரித்தாள். மறுபடி தட்டினாள்.

"இந்தப் புள்ளையா தண்ணிக்குப் பயப்படுது?" என்றார் அம்மா. "உனக்குத்தான் எதையாவது நெனச்சுப் பயந்துக்கற வியாதி. அது சும்மாத்தான் இருக்குது."

அம்மா சொன்னது பாதி உண்மை. எனக்கு அந்த வியாதி உண்டு. ஆனால் அரியலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், மடியில் தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஒன்றை முடிவு செய்தேன். கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்ததால் யோசிக்க நேரம் நிறைய இருந்தது. இங்கே அழாதவள் அங்கே அழுகிறாள் என்றால் இரண்டு இடத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. தண்ணீர், சோப்பு, ஆள், இடம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அதுதானே? கண்டுபிடிக்காமல் விடுவதில்லை.

அம்மா வீட்டு சோப்பையே கொண்டுவந்து எங்கள் பாத்ரூமில் போட்டேன். வாசலிலேயே அழுகை. அப்படியானால் காரணம் சோப்பு இல்லை. அடுத்த நாள் அடுப்பில் வெந்நீர் வைத்துப் பின்வாசல் தளத்தில் பக்கெட்டை இறக்கினேன். அத்தையிடம் போய், "நீங்கதான் குளிப்பாட்டணும் அத்த" என்றேன்.

"எதுக்கு? அழுதா என்மேல பழி போடவா?"

"இல்ல அத்த. அழ மாட்டா. ஒருதரம் பாத்துடலாம், வாங்க."

முனகிக்கொண்டே வந்தார். பாப்பா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தளத்தில் தேங்கிய தண்ணீரில் குதித்துக் குதித்துக் குளித்தாள். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? என் தங்கம் எங்க அழுவுது?" என்றார். ஆளும் இல்லை, எங்கள் ஊர்த் தண்ணீரும் இல்லை. மிச்சம் பாத்ரூம்தான். ஆனாலும் பாத்ரூமில் என்ன? இருட்டா? சத்தமா? சுவர் மூலையில் பூரான் கீரான் இருக்கிறதா என்றுகூடத் துழாவினேன். ஒருவேளை அம்மா சொல்வதுதான் சரியோ என்று அன்று மத்தியானம் எனக்கே மனம் தளர்ந்துபோனது.

சாயங்காலம் அத்தை பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே விரலை உதறிக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. விரல் மதமதப்புக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். கோபம் தணிந்திருந்த நேரம் என்பதால் நான் பேச்சுக்கு, "கை ரொம்ப மதமதங்குதா அத்த?" என்று கேட்டேன்.

"இது எப்பவும் இருக்கறதுதான். முன்ன பாப்பாவக் குளிப்பாட்டயிலதான் ஜாஸ்தி. குழாயத் தொறந்தா போதும், சுர்ருன்னு முழங்கை வரைக்கும் ஏறும். கையெடுத்தா போயிடும்."

"குழாயைத் தொட்டா மட்டுமா?"

"ஆமா. ஈரம் பட்டா நரம்பு இழுக்குமில்ல?"

சர்க்கரை மதமதப்பு குழாயைத் தொட்டால் மட்டும் வராது. அத்தை வெறுங்காலை ஈரத் தரையில் வைத்துக்கொண்டு அந்தக் குழாயைத் திறந்தவர். பாப்பாவும் வெறுங்காலோடு அதே தரையில் நின்று தட்டியவள். நான் ரப்பர் செருப்போடு அதைத் தொட்டவள்.

"அத்த, அது சக்கரை இல்ல. கரண்ட்டு."

"கரண்ட்டா? கரண்ட்டுன்னா தூக்கி அடிக்காதா? போம்மா அங்கிட்டு."

கணவரின் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். பாப்பாவை அத்தையிடம் கொடுத்து, முன்வாசலை விட்டு வரக்கூடாது என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, காய்ந்த பலகைமேல் ஏறி நின்று, ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு டெஸ்டரின் முனையைக் குழாயில் வைத்தேன். முனை நழுவியது. மறுபடி வைத்தேன். டெஸ்டருக்குள் அந்தச் சின்ன விளக்கு மங்கலாக எரிந்தது. சுவிட்சை நிறுத்தினேன், அணைந்தது. போட்டேன், எரிந்தது. அதற்குமேல் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கே மெயினை இறக்கிவிட்டுக் கணவருக்கு போன் செய்தேன்.

"டெஸ்டர் சும்மாவே எரியும். நான் தெனம் குளிக்கிறேன், எனக்கு ஒண்ணும் அடிக்கலையே?"

"நீங்க எங்கங்க உள்ள குளிக்கிறீங்க? வேலை விட்டு வந்ததும் பின்னாடி தொட்டியிலதான ஊத்திக்கிறீங்க?"

சிமெண்ட் தூசியோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் அவர் வருடம் முழுக்கப் பின்கட்டுத் தொட்டித் தண்ணீரில்தான் குளிக்கிறார். அந்தக் குழாயை அவர் தொட்டதே இல்லை. "மெயினைப் போடாத. எலக்ட்ரீசியனக் கூட்டிட்டு வரேன்" என்றார்.

வந்தவர் காயிலைக் கழற்றினார். அதன் மேலுறையில் முடி மாதிரி ஒரு விரிசல். அன்று தட்டியதில் விழுந்ததா, சுண்ணாம்பு போர்த்தி உள்ளுக்குள் சூடு தாங்காமல் வெடித்ததா என்று அவராலும் சொல்ல முடியவில்லை. "இதுவழியா தண்ணிக்குள்ள கரண்ட் கசிஞ்சிருக்குதும்மா. புதுக் காயில் போட்டா முடிஞ்சுது."

முடிந்தது என்ற வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை நம்பியவள். "அண்ணே, காயில் கசிஞ்சா எர்த் வழியா மண்ணுக்குள்ளதான போகணும்? எங்க அத்தை மேலே எதுக்கு வந்துச்சு?"

"எர்த் இருக்குதே. இதோ பச்ச வயரு, பாருங்க."

"பச்சை வயர் எங்க போய் முடியுது?"

எலக்ட்ரீசியன் என் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரைப் பார்த்தார். எலக்ட்ரீசியன் ஹோல்டரில் பல்பை மாட்டி, ஒரு வயரை மின்சாரத்திலும் மறு வயரை எர்த்திலும் வைத்தார். பல்ப் எரியவில்லை. பல்பைக் கழற்றி ஊதி மாட்டினார். எரியவில்லை.

"எர்த்து கொஞ்சம் வீக்காத்தான் இருக்குதுங்க."

"கொஞ்சம்னா?"

"இல்லைன்னே வெச்சுக்குங்களேன்."

பச்சை வயர் வெளிச்சுவர் வழியாக இறங்கிப் பின்வாசலின் சிமெண்ட் தளத்துக்குள் போய் மறைந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. முன்பு அங்கே பாத்திரம் தேய்க்கும் இடம். சுவரோரம் எர்த் பைப் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. தேய்த்த தண்ணீரெல்லாம் அதன் மேலேயே போகும். பாப்பா தவழ ஆரம்பித்ததும், மண்ணில் கையை வைக்கிறாள், தேள் வரும் என்று சொல்லி, சுவர் முதல் சுவர் வரை தளம் போட்டோம். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் மண் தெரிய விடமாட்டார்கள். சிமெண்ட் இருக்கும் ஊரில் முற்றத்தை மண்ணாக வைத்திருப்பது சோம்பேறித்தனம் என்று பேச்சு வரும். அந்தத் தளத்துக்கு அடியில் பைப்பும் போய்விட்டது. எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"உடைக்கணுங்க" என்றேன்.

"தளத்தையா?" என்றார் கணவர். "வழவழன்னு எப்படிப் போட்டிருக்கு பாரு. மேஸ்திரிய நாலு நாள் கெஞ்சிக் கூட்டியாந்து போட்டது. ஹீட்டர நிறுத்திட்டாப் போச்சு. அடுப்புல வெந்நீ வெச்சுக்க."

"பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாத்துக்கும் இதே பச்சை வயர்தான். எதை எதை நிறுத்தறது?"

"இத்தன நாள் ஒண்ணும் ஆவலையே."

"ஆச்சு. நமக்குத்தான் தெரியல."

"நீ ஒண்ணப் புடிச்சா வுடவே மாட்டியா?"

"விட மாட்டேன்."

நான் அவரிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை. தளம் அவர் கைப்பட நீர் ஊற்றி இறுக வைத்தது. நான் பயந்தாங்கொள்ளி என்பதும் ஊருக்கே தெரியும். ஒருவேளை உடைத்துப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தால்?

அத்தை இடுப்பிலிருந்த பாப்பாவை என் கையில் கொடுத்தார். "டேய், எனக்குக் கரண்ட்டு புடிச்சதே எனக்குத் தெரியல. சக்கரைன்னு நெனச்சு மாத்திரைய முழுங்கிட்டுக் கெடந்தேன். வாயில்லாப் புள்ள அதுக்கு எப்புடிடா சொல்லும்? கடப்பாரைய எடு. நீ ஒடைக்கிறியா, நான் ஒடைக்கட்டுமா?"

"நீ ஒடைச்சா வூடே இடிஞ்சிரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கடப்பாரையை எடுத்தார்.

முதலில் உடைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் இடது பக்கமாகக் கையைக் காட்டினேன். அங்கே பச்சை வயரின் முனை கிடைத்தது. மடங்கி, சிமெண்டுக்குள் இறுகிக் கிடந்தது. எதோடும் சேர்ந்திருக்கவில்லை. பைப் அதற்கு ஒரு முழம் தள்ளி, காய்ந்து பொரிந்த வெள்ளை மண்ணுக்குள் இருந்தது. தளம் போடும்போது அறுந்ததா, அதற்கும் முன்பே துருப்பிடித்துக் கழன்றதா? மேஸ்திரி தன் கைவேலை இல்லை என்று சத்தியம் செய்கிறார். இருக்கலாம்.

புதிதாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புதுப் பைப் இறக்கினார்கள். இந்தத் தடவை குழியின் வாயைச் சிமெண்டால் மூடாமல், மேலே ஒரு மூடி மட்டும் போட்டோம், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவதற்காக. மண் காய்ந்துபோனால் எர்த் வேலை செய்யாது. புதுக் காயில் போட்டாயிற்று. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் பிரேக்கரையும் மாட்டச் சொன்னேன். எலக்ட்ரீசியன் பல்பை வைத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. நான் இன்னொரு முறை காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே காட்டினார்.

இப்போது வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஹீட்டரில் தண்ணீரைச் சுடவைத்து, பக்கெட்டில் பிடித்துவிட்டு, சுவிட்சை நிறுத்திய பிறகுதான் பாப்பா உள்ளே போக வேண்டும். அத்தை மறுபடியும் குளிப்பாட்டுகிறார், நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு காலில் இருக்க. தினமும் காலையில் நான் டெஸ்டரை எடுப்பதைப் பார்த்து, "விடிஞ்சா சாமி கும்புடுறாளோ இல்லையோ, அந்தக் குழாயக் கும்புட்டுருவா எம் மருமவ" என்று எதிர்வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார். சொல்லட்டும். டெஸ்டர் எரியாத காலையில் எனக்கு நிம்மதியும் வருகிறது, டெஸ்டர் பழுதாகியிருக்குமோ என்ற சந்தேகமும் வருகிறது.

பாப்பா இப்போது பாத்ரூமுக்குள் வருகிறாள். குளிக்கிறாள். அழுவதில்லை. ஆனால் குழாயைத் தொடுவதில்லை. சோப்பு உருண்டு குழாய்க்கு அடியில் போய்விட்டால்கூட என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பெரம்பலூர்க் குழாயை இன்னும் ஓடிப்போய்த் தட்டுகிறாள். அவள் தொடாதது இந்த ஒரு குழாயைத்தான். கையைப் பிடித்து மெல்ல அதன்மேல் வைத்துப் பழக்கு, இல்லாவிட்டால் பயம் உள்ளேயே தங்கிவிடும் என்கிறார் கணவர். அத்தையோ, புள்ளைக்குத் தெரிந்ததுகூட நமக்குத் தெரியவில்லை, அவளே தொடும்போது தொடட்டும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகிறது. அவள் கையைப் பிடித்துக் குழாய்வரை கொண்டுபோகிறேன். கடைசியில் என் கைதான் நின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படி எதிலாவது அடிபட்டுப் பயந்து, பிறகு அந்தப் பொருளைச் சரிசெய்துவிட்ட பின்பும் தொட மறுத்திருக்கிறதா? நீங்கள் என்ன செய்தீர்கள்? பழக்கினீர்களா, காத்திருந்தீர்களா? காத்திருந்தால் பிள்ளை தானாகவே தொட்டதா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.